பொய்ப் பொத்தான் வைத்த சட்டை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரி தங்கச்சியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் தோள்வலி குறைந்ததா?

உன் அண்ணன் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. வீட்டில் சத்தமே இல்லை. அவர் தட்டைப் பிடித்தால் கை ஆடி, டம்ளர் கிணுகிணுவென்று மோதிக்கொண்டே இருக்கும். அப்போது எரிச்சலாக வரும். இப்போது நானே டம்ளரைத் தட்டில் தட்டிப் பார்க்கிறேன்.

காரியம் முடிந்த அன்றைக்கு நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டாய். எதற்கென்று தெரியும். அவருடைய மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்தது உனக்குப் பொறுக்கவில்லை. தம்பி, அது நான் எடுத்த முடிவு இல்லை. கையெழுத்துப் போடக் கை ஒத்துழைத்த காலத்திலேயே அவர் போட்டுக் கொடுத்தது. இந்தப் பார்க்கின்சன் நோய் ஏன் வருகிறது என்று டாக்டர்களுக்கே இன்னும் முழுசாகத் தெரியாதாம். வந்து போனவர்களின் மூளையைப் பார்த்தால்தான் புது மருந்துக்கு வழி தெரியுமாம். அதைக் கேட்டுவிட்டு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "காலமெல்லாம் கண்டக்டரா நின்னவன் நான். என் ஸ்டாப் வந்துட்டா சீட்டக் காலி பண்ணிட்டுத்தானே இறங்கணும். அடுத்த ஆளு உக்காரட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த நோயில் முகம் சிரிக்காது. ஆனால் எனக்குத் தெரியும்.

யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனிக்குத் திரும்பவும் போகிறேன். பழைய பொத்தான் பிரிவுதான். நான் படித்தது ஐந்தாவது. எழுத்தில் தப்பிருந்தால் போர்டு எழுதுகிறவன் நீ, திருத்திப் படித்துக்கொள்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அண்ணி


பிப்ரவரி 2

அண்ணிக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. நாங்கள் சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோள்வலி அப்படியேதான். ஏணிமேல் நின்று எழுதுகிறவனுக்குத் தோள் வலிக்காமல் வேறு எது வலிக்கும்?

கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் அண்ணன் முழுசாகப் போயிருக்க வேண்டும். எடுத்துப் பரண்மேல் வைக்க அவர் என்ன சாமானா? கையெழுத்துப் போட்டது அவரே என்றால், வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, நடந்தது நடந்துவிட்டது.

வேலை பரவாயில்லை. புது தின்னர் ஒன்று வாங்குகிறேன். நல்ல சரக்கு. பெயிண்டில் கலந்தால் துளி வாசனை வருவதில்லை. உங்கள் தங்கச்சி மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறாள். நாடகக்காரி.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அங்கே இரண்டு பேரும் நலம்தானே? தங்கச்சியை நாடகக்காரி என்று சொல்லாதே.

போன வாரம் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போயிருந்தேன். நீளமான அறை. சுவரோரம் ஆள் உயர வெள்ளைப் பெட்டிகள். ஐஸ் விற்கும் கடையில் இருக்குமே, அதன் அண்ணன் மாதிரி. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்பாக எண் எரிகிறது. மைனஸ் எண்பது டிகிரியாம். அதில் ஒன்றில்தான் அவர். "அவருக்குக் குளிர் ஆகாதே" என்று என் வாயில் வந்துவிட்டது. ஆய்வை நடத்தும் டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நல்லாப் பாத்துக்கறோம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே போய் வந்தது நல்லது.

ஆனால் அங்கே பாதி மேசை காலி. அரசாங்கப் பணம் இந்த ஜூனோடு முடிகிறதாம். கையில் ஒரு புது மருந்து இருக்கிறது. இப்போதுள்ள மாத்திரை நடுக்கத்தை அடக்கும், அவ்வளவுதான். இது நோயையே வளரவிடாமல் நிறுத்துமா என்று பார்க்க வேண்டும். எலிக்குக் கொடுத்துப் பார்த்தாயிற்று. மனிதர் சாப்பிட்டால் ஆபத்தில்லை என்றும் பார்த்தாயிற்று. இனி, நோய் இப்போதுதான் ஆரம்பித்திருக்கும் அறுபது பேருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். செலவை ஏற்க ஓர் அறக்கட்டளை தயார். ஆனால் அவர்கள் கேட்கிறார்கள், அறுபது பேர் எங்கே என்று. முன்னால் வேறு எங்கோ பணம் போட்டு, ஆள் சேராமல் ஆய்வு பாதியில் நின்றதாம். சூடு பட்டவர்கள் பயப்படுகிறார்கள். நோய் ஆரம்பித்தவர்கள்தான் வெளியே மூச்சு விடுவதில்லையே.

ஆய்வு நின்றால் இந்தப் பெட்டிகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். டாக்டரம்மா பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

தம்பி, அவர் சீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இவர்கள் பஸ்ஸையே ஷெட்டில் போட்டால் எப்படி? ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து பழகின குடும்பங்கள் எனக்கு நிறையத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்க் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மறந்துவிட்டேன். உன் கடிதத்தைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. முதல் வரி நன்றாக இருக்கிறது. போகப் போக எழுத்து பொடிப்பொடியாகிறது. தின்னர் வாசனை எப்போதிலிருந்து வருவதில்லை?

அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு வணக்கம்.

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

எழுத்து சின்னதாக இருக்கிறது என்கிறீர்கள். நாள் முழுக்க ஆள் உயர எழுத்து எழுதுகிறவன் வீட்டில் கொஞ்சம் அடக்கி எழுதக் கூடாதா? நேற்று பழக்கடைக்காரரும் உங்கள் கட்சிதான். போர்டைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, மொத எழுத்து யானை மாதிரி இருக்கு, கடைசி எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. என் கடை என்ன மலையா இறங்குது?" என்று கேட்டார். பலகை கோணல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருத்தன் தன் நோயைச் சொல்லாமல் இருந்தால் அது அவன் இஷ்டம். கதவைத் தட்டிக் கேட்க நாம் யார்?

வேறு விசேஷம் இல்லை.

கொழுந்தன்


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இருவர் நலமும் அறிய ஆசை. எனக்குக் கால் மட்டும் வீங்குகிறது. மாடிப்படிகள்தான் காரணம்.

நான் யாருடைய கதவையும் உடைக்கவில்லை. காபி கொடுத்தால் குடிக்கிறேன். உன் அண்ணன் கதையைச் சொல்கிறேன். எழுந்து வந்துவிடுகிறேன். ரிடையரான டீச்சர் ஒருத்தர், நான் இருந்த நேரம் பூராவும் கைமேல் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பேசினார். பேப்பர் சலசலத்துக்கொண்டே இருந்தது. "காத்து ஜாஸ்தி" என்றார். ஜன்னல் சாத்தியிருந்தது. நானும் "ஆமாம் டீச்சர், காத்துதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுவாரம் அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

உனக்கு ஒன்று சொன்னதில்லை. அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் காபி ஆறிப்போகும். நான் போட்டுவிடப் போனால் கையைத் தட்டிவிடுவார். ஒருநாள் அவர் சட்டையை எடுத்தேன். பொத்தானையெல்லாம் வெட்டினேன். ஓட்டைகளைத் தைத்து அடைத்தேன். அடைத்த இடத்தின் மேலேயே பொத்தானைப் பதித்துத் தைத்தேன். உள்பக்கம் ஒட்டுப் பட்டை வைத்தேன். பிள்ளைகளின் பையில் இருக்குமே, இழுத்தால் சர்ரென்று சத்தம் போடுவது, அதுதான். வெளியே பார்த்தால் பொத்தான் போட்ட சட்டை. உள்ளே ஓர் அழுத்து அழுத்தினால் மூடிக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டு அன்றைக்குத் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். வந்து என் காதில் சொன்னார். "இந்தப் பொத்தானெல்லாம் டிக்கெட் வாங்காம ஏறி உக்காந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத."

அவருக்கு வாங்கின நீலத் துணி பீரோவில் மிச்சம் இருந்தது. உன் அளவுக்கு ஒன்று தைத்துப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பிடித்தால் போட்டுக்கொள்.

அண்ணி


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

சட்டை வந்து சேர்ந்ததா? நீ எழுதி இரண்டு மாதம் ஆகிறது. உடம்பு எப்படி இருக்கிறது?

அறக்கட்டளைக் கூட்டம் ஜூன் 24. வருகிறேன் என்று சொன்னவர்கள் நாற்பது பேருக்கு மேல் தேறுவார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல்தான் பாதிப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நேரில் வந்து உட்கார எத்தனை பேருக்குத் தைரியம் வருமோ தெரியாது. டாக்டரம்மா வேறு வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதாகக் கேள்வி. அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரு வரியாவது எழுது.

அண்ணி


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? இவர் எழுதுவதாகத் தெரியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நான் எழுதினது இவருக்குத் தெரியாது.

பார்சலை என் முன்னால்தான் பிரித்தார். சட்டையை விரித்தார். முன்பக்கத்தை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் முகம் செத்துப்போயிற்று. "அண்ணன் ஏறின பஸ்ஸுக்கு எங்க அண்ணி எனக்கும் சீட்டுக் கிழிச்சு அனுப்பிட்டாங்க" என்று சொல்லி, சட்டையைச் சுருட்டி பீரோ மேலே எறிந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். புரிந்தது. பால் கருகுவது மூக்குக்குத் தெரியவில்லை. நடக்கும்போது இடது கை வீசுவதில்லை. நான் அலட்டல் என்று நினைத்திருந்தேன்.

டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுகிறார். "பேரு வெச்சாத்தான் வியாதி, வெக்கலேன்னா தோள்வலி" என்கிறார்.

ஆனால் அக்கா, ஒன்று. ஒருநாள் கடைக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்தேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சர்ர்ர் என்று சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சர்ர்ர். நான் சத்தம் போடாமல் வெளியே போய், இன்னும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வந்தேன். சட்டை திரும்பவும் பீரோ மேலேயே இருந்தது. ஆனால் மடித்து இருந்தது.

அன்புடன்,
தங்கச்சி


ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. சட்டை தைத்து அனுப்பியதும் சுற்றி வளைத்ததுதான். அதனால் சொல்லிவிடுகிறேன். உனக்கும் உன் அண்ணனுக்கு வந்ததுதான் வந்திருக்கிறது என்று பயப்படுகிறேன். அவருக்கும் முதலில் மூக்குக்கு வாசனை போயிற்று, அப்புறம் எழுத்து சிறுத்தது. அவரும் அதைத் தோள்வலி என்றுதான் சொன்னார்.

கையைப் பாக்கெட்டில் போட்டு மறைத்துக்கொண்டு அவர் ரொம்ப நாள் தனியாக இருந்தார். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, என்னை விட்டுவிட்டுத் தனியாக இருந்தார். வைத்தியம் பார்த்த காலமெல்லாம் எனக்குக் கஷ்டமாக இல்லை. அந்தத் தனிக்காலத்தைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. அதைத் தங்கச்சிக்குக் கொடுக்காதே.

கூட்டத்துக்கு வா என்று கூப்பிடவில்லை. உன்னை வைத்து எனக்கு ஆள் கணக்குக் காட்ட வேண்டாம். டாக்டரைப் பார். நான் தப்பாக நினைத்திருந்தால் அந்தச் சட்டையை எரித்துவிட்டு என்னைத் திட்டி எழுது. சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணி


ஜூன் 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமா? நான் நலம். பெயிண்ட் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவனை எங்கே போனான் என்று நீ தேடவில்லையாம், உன் வீட்டுக்காரன் சொன்னான். உனக்குத் தெரிந்திருக்கிறது. இங்கேதான் இருக்கிறான். பரிசோதனைகள் முடிந்ததும் அனுப்பிவைக்கிறேன். நடந்ததை அவன் ஒழுங்காகச் சொல்ல மாட்டான். நான் சொல்கிறேன்.

பெரிய அறை. நீள மேசை. எல்லார் முன்னாலும் தண்ணீர் பாட்டில், மைக். நடுவில் அறக்கட்டளைத் தலைவியம்மா. பக்கத்தில் கணக்குப் பார்க்கிறவர். எங்கள் பக்க நாற்காலிகளில் ஆட்கள் நிறையத்தான் வந்திருந்தார்கள். யார் நோயாளி, யார் துணைக்கு வந்தவர் என்று தெரியாது. எல்லார் கையும் பையிலோ, துண்டுக்கடியிலோ இருந்தது. டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். கணக்குக்காரர் கேட்டார்.

"எல்லாம் சரிங்க. வர்றேன்னு பேரு குடுத்தவங்க நிஜமா வருவாங்கன்னு என்ன நிச்சயம்? பக்கத்து வீட்டுக்கே சொல்லாதவங்க நம்மகிட்ட மாசாமாசம் வருவாங்களா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல வாய் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது.

அப்போது பின்னாலிருந்து, "அண்ணி, நீங்க உக்காருங்க" என்று ஒரு குரல்.

நீலச் சட்டை. நேரே மைக்கிடம் போய் நின்றான். இடது கை ஆடிக்கொண்டிருந்தது. மறைக்கவில்லை.

"நான் போர்டு எழுதுற ஆளுங்க. எங்க அண்ணனுக்கு இந்த வியாதி இருந்துச்சு. எனக்கும் இருக்குன்னு முந்தாநாள்தான் டாக்டர் சொன்னாரு. அதுக்கு முன்னாடியே எங்க அண்ணி என் எழுத்தப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டாங்க. நான் மூணு மாசமா அவங்ககூட பேசல. என் சட்டையப் பாருங்க. எத்தன பொத்தான் இருக்கு?"

கணக்குக்காரர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "ஏழு" என்றார்.

"ஒண்ணுகூட இல்லீங்க."

சொல்லிவிட்டு முன்பக்கத்தைப் பிடித்து ஓர் இழு இழுத்தான். சர்ர்ர்ர். மைக் பக்கத்தில் இருந்ததால் அறையே கிழிந்த மாதிரி கேட்டது. உள்ளே பெயிண்ட் படிந்த பனியன். தங்கச்சி, அவனுக்கு ஒரு நல்ல பனியன் வாங்கிக் கொடு. மானம் போயிற்று.

"நடுக்கத்த அடக்க மாத்திரை இருக்காம். வியாதி வளராம நிறுத்த ஒண்ணும் இல்லையாம். அதனால இப்போதைக்கு நாங்க சட்டையத்தான் மாத்திக்கிட்டு இருக்கோம். எங்க அண்ணி அவங்க பங்க செஞ்சிட்டாங்க. எங்க அண்ணன் அவரு பங்கக் குடுத்துட்டுப் போயிட்டாரு, அந்த வெள்ளப் பெட்டியில இருக்கு. ஆள்தானே வேணும்? நான் வர்றேன். என் பேர சத்தமாவே படிங்க."

தலைவியம்மா, "இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்க" என்றார். மூடினான். திறந்தான். சர்ர்ர்.

முதலில் டீச்சர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். அப்புறம் ஒரு தபால்காரர். அப்புறம் துணைக்கு வந்தவர் என்று நான் நினைத்திருந்த ஓர் அம்மா. அவரைக் கூட்டிவந்த புருஷனே வாய் பிளந்து பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாகக் கை தூக்கிக்கொண்டே போனார்கள். கணக்குக்காரர் எழுந்து எண்ண ஆரம்பித்தார். பாதியில் தடுமாறி, "கொஞ்சம் ஆட்டாம வைங்க, எண்ண முடியல" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். முதலில் சிரித்தது டீச்சர்தான். அப்புறம் அறையே சிரித்தது. முகம் சிரிக்காதவர்கள்கூட வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எண்ணி முடித்தபோது அறுபதைத் தாண்டிவிட்டது.

டீ கொடுத்தார்கள். டீ முடிந்ததும் தலைவியம்மா சொன்னார், முழுப் பணமும் தருகிறோம், ஆய்வு முடியும்வரை தருகிறோம் என்று. டாக்டரம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் போய் அவர் பேனாவை வாங்கி மூடி வைத்தேன்.

வராந்தாவில் உன் ஆள் என்னிடம் பேசின முதல் வார்த்தை, "காலர் இறுக்குது அண்ணி."

"உங்க அண்ணனும் இதே குத்தம்தான் சொல்வாரு" என்றேன்.

அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றான். கூட்டிப்போனேன். பெட்டி முன்னால் போய் நின்றான். கதவில் கையை வைத்தான். கை ஆடி, மோதிரம் பெட்டியில் மெல்லத் தட்டியது. கிணுகிணு என்று. "அண்ணே, நான்தான்" என்றான். அவ்வளவுதான். நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 12

அண்ணிக்கு வணக்கம்.

கால் வீக்கம் வடிந்ததா? நாங்கள் நலம். நிஜமாகவே நலம்.

நீங்கள் அகலக் கோடு போட்டு அனுப்பிய தாளில்தான் எழுதுகிறேன். கோட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்று நினைத்தால் எழுத்து சுருங்காமல் நிற்கிறது. போர்டிலும் இப்போது மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல் கட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். பழக்கடைக்காரர் கடை மலை இறங்குவதை நிறுத்திவிட்டது.

மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். ஒப்பிட்டுப் பார்க்க அப்படித்தான் செய்ய வேண்டுமாம். உங்கள் தங்கச்சி கேட்டாள், "உங்களுக்குக் குடுக்கறது பொய் மாத்திரையா இருந்தா?"

"இருக்கட்டுமே. அந்தப் பொய்ப் பொத்தான் இல்லாட்டி அது சட்டையா?" என்றேன்.

தின்னர் இன்னும் மணக்கவில்லை. அவள் நாடகக்காரி இல்லை என்று எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளச் சொல்கிறாள். ஒப்புக்கொண்டேன்.

ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பெயர்ப்பலகை ஒன்று எழுதிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கூலி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் கொழுந்தன்


அக்டோபர் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. என் காலும் பரவாயில்லை. மாடி ஏறும் வேலை இனி இல்லை. தேடி வருகிறார்கள். சட்டை கேட்டும் வருகிறார்கள். கம்பெனி முதலாளி, கழித்துப் போட்ட துணியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தபால்காரர் காக்கியிலேயே கேட்டார். உனக்குக் காலரைத் தளர்த்தி இன்னொன்று தைத்திருக்கிறேன்.

நேற்று பலகையை மாட்டினார்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே உயரம். நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். சிரிக்காதே.

உள்ளே காலி மேசை ஒன்றுகூட இல்லை. புதிதாக நாலைந்து பேர் வந்திருக்கிறார்கள். எல்லா விளக்கும் எரிகிறது. நான் வழக்கம்போல அந்தப் பெட்டி முன்னால் போய் நின்றேன். டாக்டரம்மா வந்து தோளில் கை வைத்தார். "அவர் அங்க இல்லம்மா. வாங்க" என்று உள்ளறைக்குக் கூட்டிப்போனார். அங்கே அவர் மூளையில் மெலிதாகச் சீவியெடுத்ததை ஒட்டிய கண்ணாடித் தகடுகளை வரிசையாக வைத்து, மூன்று பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் தலை நிமிர நேரமில்லை. அந்த மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்களாம்.

தம்பி, உன் அண்ணன் டியூட்டிக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து காபி போட்டேன். உன் கடிதத்தை எடுத்து வாசலில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். படித்து முடித்த பிறகுதான் பார்த்தேன், கண்ணாடி உள்ளே மேசைமேலேயே இருந்தது.

அண்ணி